பாறை வந்தால்

போன பொங்கலுக்குத் தம்பி ஊருக்கு வந்தபோது கையில் ஒரு தாள் வைத்திருந்தான். தம்பி மென்பொருள் பொறியாளன். 2016இல் சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனியில் சேர்ந்தான். எட்டு வருசத்துக்கு மேல் இருந்துவிட்டு அந்த வேலையை விட்டுவிட்டான். கூடப் படித்த இரண்டு பேரோடு சேர்ந்து, வெளிநாட்டுக் கம்பெனிகளிடம் நேரடியாக வேலை பேசி வாங்கிச் செய்யப்போகிறானாம். வேலை கொடுக்கிறவர்களை 'கிளையண்ட்' என்கிறான். நான் வாடிக்கையாளர் என்று எழுதுகிறேன்.

அப்படி ஒரு வாடிக்கையாளர் அனுப்பிய தாள்தான் அது. மூன்று கேள்வி. இந்தத் தொழிலுக்கு ஏன் வந்தீர்கள்? உங்களுக்கு என்னென்ன தெரியும்? வேலை கொடுப்பவரோடு எப்படி நடந்துகொள்வீர்கள்? ஒவ்வொன்றுக்கும் பத்து வரிக்குள் பதில் எழுத வேண்டும்.

"அக்கா, நீ எம்.ஏ. தமிழு. நான் வாயால சொல்றேன், நீ கோர்வையா எழுதிக் குடு. அப்புறமா நான் இங்கிலீசுல மாத்திக்கிறேன்" என்றான்.

எனக்குக் கொஞ்சம் கூச்சமாகப் போய்விட்டது. காரணம் இருக்கிறது. நாலு வருசத்துக்கு முன்னால் ஒரு கூட்டத்தில் பேசும்போது, இந்தக் கணிப்பொறி வேலையை 'குளிர்சாதன அறைக்குள் நடக்கும் பண்ணையடிமைத்தனம்' என்று பேசிவிட்டேன். நல்ல கைதட்டல். கடைசி வரிசையில் தம்பி உட்கார்ந்திருந்தான். கூட்டம் முடிந்து பஸ்ஸில் வரும்போது அவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "நான் என்னா வேல செய்றேன்னு ஒருநாளாவது கேட்டிருக்கியாக்கா?"

கேட்டதில்லை. அவன் அனுப்பிய பணத்தில் வீடு ஒட்டினோம். நைனாவுக்குக் கண் ஆபரேசன் செய்தோம். நான் நடத்துகிற இரவுப் பள்ளிக்கு பெஞ்சு வாங்கினோம். அவன் வேலையைப் பற்றி மட்டும் கேட்டதில்லை. கேட்காமலே தீர்ப்புச் சொல்லிவிட்டேன். நம்மைப் பற்றி ஊர்த்தெரு அப்படித்தானே சொல்லிவந்தது. அதையே நான் என் தம்பிக்குச் செய்திருக்கிறேன்.

மூன்று ராத்திரி வாசலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு உட்கார்ந்தோம். அவன் சொல்லச் சொல்ல எழுதினேன். தாளில் ஏறியது முப்பது வரிதான். ஏறாததை இங்கே எழுதுகிறேன்.

முதல் கேள்வி: ஏன் வந்தீர்கள்?

இதற்கு எல்லோரும் எழுதுகிற பதில் ஒன்று இருக்கிறதாம். சின்ன வயதிலிருந்தே தொழில்நுட்பத்தில் தீராத ஆர்வம் என்று எழுத வேண்டுமாம். "அதான் எழுதணும், ஆனா அது பொய்யி" என்று சிரித்தான்.

சின்ன வயதில் எங்கள் காலனியில் கம்ப்யூட்டரைப் பார்த்தவர் யாருமில்லை. தம்பி 2012இல் பிளஸ் டூ முடித்தான். அதற்கு முந்தின வருசம்தான் அரசாங்கம் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியிருந்தது. அவன் கைக்கும் ஒன்று வந்தது. அம்மா அதைப் பழைய புடவையில் சுற்றி அரிசி டிரம்முக்கு மேலே வைத்திருந்தாள். எலி கடித்துவிடும் என்று பயம். பகலில் எடுக்கவே விடமாட்டாள்.

அவன் வந்த காரணத்தை இப்படிச் சொன்னான்.

"ஒன்பதாவதுல எனக்குக் கணக்கு வாத்தியார் ஒருத்தர் இருந்தாருக்கா. கணக்கு தப்பாப் போட்டா எங்க தப்புன்னு சொல்லமாட்டாரு. 'உங்க ஆளுங்களுக்கு இதெல்லாம் எங்கடா ஏறப்போவுது'ன்னு நோட்டத் தூக்கி எறிவாரு. காலேஜுல மொத மொத ஒரு புரோகிராம் எழுதி ஓட்டினேன். ஓடல. தப்புன்னு வந்துது. ஏழாவது வரியில தப்புன்னு வந்துது. போய்ப் பாத்தா ஒரு புள்ளி விட்டுருந்தேன். வச்சேன். ஓடிச்சி. அவ்ளோதான். அது என்னெ யாருன்னு கேக்கல. ஏழாவது வரியத்தான் சொல்லிச்சி. அன்னிக்கு ராத்திரி முடிவு பண்ணேன், இந்த வேலதான்னு."

நான் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். தப்பைத் தப்பு என்று மட்டும் சொல்கிற ஒன்று. தப்புச் செய்தவனின் பிறப்பைப் பேசாத ஒன்று. பதினெட்டு வயது வரைக்கும் அவனுக்கு அப்படி ஒன்று கிடைக்கவில்லை. பள்ளிக்கூடம் கொடுத்திருக்க வேண்டியதை ஒரு எந்திரம் கொடுத்திருக்கிறது.

காலேஜில் சேர்ந்ததும் சும்மா நடக்கவில்லை. தனியார் கல்லூரி. ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்களின் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கும் என்று 2012இல் 92ஆம் எண் அரசாணை வந்தது. அந்த அரசாணையின் நகலை எடுத்துக்கொண்டு நானும் நைனாவும் கல்லூரி அலுவலகத்துக்கு மூன்று தடவை நடந்தோம். "அரசாங்கம் குடுக்கிறப்ப உங்களுக்குத் திருப்பித் தர்றோம், இப்ப கட்டுங்க" என்றார்கள். முதல் வருசம் கடன் வாங்கித்தான் கட்டினோம். அரசாணை தாளில் இருந்தது. தாளைக் கையில் வைத்துக்கொண்டு வாதாடத் தெரிந்த ஆள் வீட்டுக்கு ஒருவர் இருந்தால்தான் அது காசாகிறது. நான் மனு எழுதக் கற்றுக்கொண்டது அந்த வருசத்தில்தான்.

இரண்டாம் கேள்வி: என்னென்ன தெரியும்?

ஜாவா தெரியும், எஸ்.க்யூ.எல். தெரியும் என்று ஒரு பட்டியல் சொன்னான். எழுதிக்கொண்டேன். "இது ஆயிரம் பேருக்குத் தெரியும்டா. உனக்கு என்னா தெரியும்?" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தான்.

"மத்தவங்க எழுதினதப் படிக்கத் தெரியும்" என்றான்.

நான் நினைத்திருந்தது வேறு. இவர்கள் நாள் முழுக்க புதிதாக ஏதோ எழுதித் தள்ளுகிறார்கள் என்று நினைத்திருந்தேன். எழுதுவது கொஞ்சம், படிப்பதுதான் அதிகம் என்கிறான். அவன் எட்டு வருசம் பார்த்தது ஒரு வெளிநாட்டு இன்சூரன்சு கம்பெனியின் வேலை. யாரோ எப்போதோ எழுதிவைத்துவிட்டுப் போன நிரல். எழுதினவர் இப்போது எங்கே இருக்கிறார் என்றுகூடத் தெரியாது. அதில் ஒரு இடத்தில் கணக்கு தப்பாக வருகிறது. லட்சக்கணக்கான வரியில் எந்த வரி?

"வாய்க்கால்ல தண்ணி கடமடைக்கு வரலன்னா நைனா என்னா பண்ணும்? மொதல்ல பாதி வாய்க்காலுக்குப் போயிப் பாக்கும். அங்க தண்ணி இருந்தா உடைப்பு கீழ. இல்லன்னா மேல. அப்புறம் அதுல பாதி. அதேதான்க்கா நான் செய்றதும்."

இன்னொன்றும் சொன்னான். பழைய நிரலைப் பார்த்ததும் எழுதினவனை முட்டாள் என்று திட்டுவது இந்தத் தொழிலில் வழக்கமாம். அவன் திட்டமாட்டானாம். 1960களிலும் 70களிலும் கணிப்பொறியில் சேமிப்பு இடத்துக்கு விலை அதிகம். அதனால் வருசத்தைக் கடைசி இரண்டு இலக்கமாக மட்டும் எழுதிவைத்தார்கள். 2000 வரும்போது அது 1900மா 2000மா என்று எந்திரத்துக்குத் தெரியாமல் போகும் என்று தொண்ணூறுகளின் கடைசியில் உலகமே பதறியது. அந்தத் திருத்த வேலைதான் இந்தியக் கம்பெனிகள் பலவற்றுக்கு வெளிநாட்டுக் கதவைத் திறந்துவிட்டது. "அன்னிக்கு எழுதினவனுக்கு எடம் இல்ல. இருந்த எடத்துல எழுதினான். அவன் நெலம என்னான்னு பாக்காம திட்டக்கூடாது" என்றான். எம்.ஏ. வகுப்பில் பழைய உரைகளைப் படிக்கும்போது எங்கள் பேராசிரியர் சொல்லிக்கொடுத்த பாடமும் இதுதான்.

"அப்புறம் என்னா தெரியும்?"

"முடியாதுன்னு சொல்லத் தெரியும். அது கத்துக்க அஞ்சு வருசம் ஆச்சி."

இந்த ஒரு பதிலுக்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுதுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் வெளிநாட்டுக்காரர்களோடு ராத்திரி போனில் கூட்டம் நடக்கும். "வெள்ளிக்கிழமைக்குள்ள முடியுமா?" என்று அந்தப் பக்கம் கேட்பார்கள். முடியாது என்று இவனுக்குத் தெரியும். வாய் 'எஸ்' என்றுதான் சொல்லும். சொன்ன பிறகு நாலு ராத்திரி தூங்காமல் செய்வான். அப்படியும் முடியாது. முடிந்த இடத்திலும் தப்பு இருக்கும். மறுபடி திட்டு. ஒருதடவை அலுவலகக் கழிவறையில் மயங்கி விழுந்து, அம்மாவுக்குத் தெரியாமல் நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

இங்கிலீஷ் தெரியாததால் அப்படிச் சொன்னான் என்று நினைத்தேன். அவன் இல்லை என்கிறான். "நோங்கிற வார்த்த எல்.கே.ஜி. புள்ளைக்கும் தெரியும்க்கா. அது எனக்கு தொண்டையிலேயே நின்னுடும். நைனா ஆண்டை முன்னால தலயச் சொறிஞ்சிக்கிட்டு 'சரிங்க'ன்னு நிக்கும் பாரு, அந்த மாரி என் ஒடம்பு அந்தப் போனுக்கு முன்னால நிக்கும். அந்தாளு ஏழாயிரம் மைலுக்கு அந்தாண்ட இருக்கான். என் மூஞ்சியக்கூடப் பாக்கல. ஆனாலும் நிக்கும்."

தோழர்களே, சாதி ஊரில் இருக்கிறது, தெருவில் இருக்கிறது, கோயிலில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறோம். குளிரூட்டிய அறையில் காதில் போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பையனின் தொண்டையில் அது இருப்பதை எந்தக் கூட்டத்தில் பேசினோம்? நானும் பேசவில்லை.

மூன்றாம் கேள்வி: வேலை கொடுப்பவரோடு எப்படி நடந்துகொள்வீர்கள்?

இதற்குப் பதில் சொல்ல நைனா கிணறு வெட்டிய கதையை எழுத வேண்டும்.

1998. எனக்குப் பத்து வயது. தம்பிக்கு நாலு. எங்கள் நைனாவும் காலனியில் இன்னும் நாலு பேரும் ஊர்த்தெரு ஆண்டை ஒருவர் நிலத்தில் கிணறு வெட்ட ஒத்துக்கொண்டார்கள். நாள்கூலி இல்லை, மொத்தமாகப் பேசினது. முப்பதடி ஆழம், பதினெட்டாயிரம் ரூபாய். ஆளுக்கு ஐநூறு முன்பணம். வாய்ப்பேச்சுதான். எழுத்து எதுவும் இல்லை.

மேலே மண். அப்புறம் சரளை. பதினேழாவது அடியில் பாறை வந்துவிட்டது. கடப்பாரை எகிறுகிறது. நாளுக்கு அரை அடிகூட இறங்கவில்லை. வெடி வைத்துத்தான் எடுக்க வேண்டும். வெடிக்குக் காசு? நைனா போய்க் கேட்டது. "பேசுனது பேசுனதுதான். பாறை இருக்குதா இல்லியான்னு நீங்கதான்டா பாத்திருக்கணும்" என்றார் ஆண்டை. வேலையை நிறுத்துகிறோம் என்று ஒருவர் சொன்னதற்கு, அன்றைக்கு ராத்திரியே ஊர்த்தெருவிலிருந்து நாலு பேர் காலனிக்கு வந்து நின்றார்கள். முன்பணம் வாங்கியாச்சு. நிறுத்த முடியாது.

ஐந்து குடும்பமும் கடன் வாங்கி வெடி வாங்கியது. ஒரு மாசத்து வேலை மூன்றரை மாசம் ஆனது. அம்மா காதில் இருந்த கம்மல் போனது. நான் பள்ளிக்கூடத்தை விட்டு அந்தப் பருவம் முழுக்க அம்மாவோடு மல்லாட்டை ஆயப் போனேன். கடைசியில் பதினெட்டாயிரத்தைப் பிரித்தபோது வெடிக் கடனைக் கட்டவே சரியாக இருந்தது. கிணற்றில் தண்ணீர் நன்றாக ஊறியது. அந்தத் தண்ணீரில் நாங்கள் ஒரு குடம் எடுக்க முடியாது. அதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, இந்தப் பக்கங்களைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு நைனா யாரோடு எந்த வேலை பேசினாலும் முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "பாறை வந்தா?"

இப்போது தம்பியின் தொழிலுக்கு வருகிறேன். அதிலும் இரண்டு வகையாகத்தான் வேலை பேசுகிறார்கள். ஒன்று, இத்தனை மணி நேரம், மணிக்கு இவ்வளவு. நம் நாள்கூலி. இன்னொன்று, மொத்த வேலைக்கும் இவ்வளவு என்று முன்னாலேயே விலை பேசிவிடுவது. நைனாவின் கிணறு. மொத்த விலையில் இருக்கிற ஆபத்து அங்கேயும் அதேதான். வேலை ஆரம்பித்த பிறகு பாறை வரும். பழைய நிரலுக்குள் யாருக்கும் தெரியாத சிக்கல் இருக்கும். பாதியில் வாடிக்கையாளர் "இது இல்ல, நாங்க நெனச்சது வேற" என்பார். அந்தக் கூடுதல் வேலை யார் தலையில்?

அப்போது கம்பெனி செய்கிற ஒரு காரியம் உண்டு. தாமதமானால் இன்னும் பத்து ஆளைச் சேர்ப்பார்கள். "அறுப்புக்கு ஆள் சேத்தா சீக்கிரம் முடியும்க்கா. இதுல ஆள் சேத்தா இன்னும் லேட்டாவும்" என்றான் தம்பி. புதிதாக வந்தவனுக்குச் சொல்லிக்கொடுக்கவே வேலை தெரிந்தவனின் நேரம் போய்விடுமாம். பிரெடரிக் புரூக்ஸ் என்கிற அமெரிக்கக் கணிப்பொறியாளர் 1975லேயே இதை ஒரு புத்தகமாக எழுதிவிட்டாராம். ஐம்பது வருசமாகப் படிக்கிறார்கள், ஐம்பது வருசமாக ஆளைச் சேர்க்கிறார்கள்.

தம்பி வேலை செய்கிற முறையை அவன் சொன்னபடியே எழுதுகிறேன்.

முதலில், கேட்டதை உடனே செய்யமாட்டான். ஏன் கேட்கிறார்கள் என்று கேட்பான். ஒருமுறை ஒரு வாடிக்கையாளர், பெயர்களை அழிக்க ஒரு பொத்தான் வேண்டும் என்றாராம். எதற்கு என்று கேட்டால், ஒரே ஆள் இரண்டு தடவை பதிவாகிவிடுகிறார், அதை அழிக்க என்றார். அவருக்கு வேண்டியது அழிக்கிற பொத்தான் இல்லை, இரண்டாவது தடவை பதியும்போதே தடுக்கிற வழி. நான் தாலுகா ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து மனு எழுதும்போது இதைத்தான் செய்கிறேன். முதியோர் பென்சனுக்கு மனு எழுதச் சொல்லி ஒரு ஆயா வரும். பேசிப்பார்த்தால் பென்சன் ஏற்கெனவே ஆணையாகியிருக்கும். ரேசன் அட்டையில் வயது தப்பாக இருப்பதால் நின்றிருக்கும். கேட்பது ஒன்று, தேவை ஒன்று. நானும் என் தம்பியும் ஒரே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தோம். நான் மட்டும் அதை இயக்கம் என்று சொல்லிக்கொண்டேன்.

இரண்டாவது, போனில் பேசியதை அன்றைக்கே எழுதி அனுப்பிவிடுவான். இன்று நீங்கள் இப்படிக் கேட்டீர்கள், நான் இப்படி ஒத்துக்கொண்டேன், இது தப்பாக இருந்தால் சொல்லுங்கள். நாலே வரி. மூன்றாவது, மொத்த விலை எழுதும்போது எதையெல்லாம் நம்பி அந்த விலை சொன்னான் என்று கீழே பட்டியல் போடுவான். இதில் ஒன்று மாறினாலும் நிறுத்திவிட்டு மறுபடி பேசுவோம் என்று கடைசி வரி. ஆங்கிலத்தில் அதற்கு ஏதோ பெயர் இருக்கிறது. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் 'பாறை வந்தா'.

எழுத்தின் மேல் அவனுக்கு இருக்கிற பிடிப்பைப் பார்த்து எனக்கே ஆச்சரியம். 'கிட்' என்று ஒரு கருவி காட்டினான். லினக்ஸ் உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் செய்தது. நிரலில் யார் எந்த வரியை என்றைக்கு மாற்றினாலும் பேரோடு தேதியோடு அதில் பதிவாகிறது. ஏன் மாற்றினாய் என்பதற்கும் ஒரு வரி எழுத வேண்டும். எந்த வரியையும் காட்டி, இதைக் கடைசியாகத் தொட்டது யார் என்று கேட்டால் சொல்லிவிடும். "நைனா வெட்டுன கெணத்துக்கு இப்பிடி ஒரு கணக்கு இருந்திருந்தா?" என்றான். எந்தக் கிணற்றில், எந்தக் கோயிலில், எந்த ஏரிக்கரையில் நம் ஆட்களின் பெயர் எழுதியிருக்கிறது? கட்டினவன் பெயர் இல்லை. கட்டச் சொன்னவன் பெயர்தான் கல்வெட்டில் இருக்கிறது.

சரி, இவ்வளவு தெரிந்தவன் ஏன் கம்பெனியை விட்டான்? இதைத் தாளில் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் சொன்னான். இங்கே எழுத அவனிடம் கேட்டுக்கொண்டேன்.

ஒருதடவை ஒரு திருத்தம் தப்பாகிப் பெரிய பிரச்சினை ஆனது. வாடிக்கையாளர் கேட்டபடி செய்ததுதான். ஆனால் அந்தப் பக்கத்திலிருந்து நாங்கள் அப்படிக் கேட்கவில்லை என்றார்கள். கூட்டத்துக்கு முன்னால் இவனுடைய மேலாளர் கூப்பிட்டு, "தப்பு என்னுதுன்னு நீ சொல்லிடு, கிளையண்ட் சமாதானமாயிடுவான்" என்றார். இவன் ஒத்துக்கொள்ளவில்லை. அன்றைக்கு எழுதி அனுப்பிய நாலு வரியைக் கூட்டத்தில் எடுத்துக் காட்டினான். வெளிநாட்டுக்காரர் படித்துப் பார்த்துவிட்டு, எங்கள் தவறுதான், மன்னிக்கவும் என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார். கோபித்துக்கொண்டது இங்கே இருந்தவர்.

அந்த மேலாளர் தம்பி சேர்ந்த புதிதில் தோளைத் தடவித் தடவிப் பேசியவர். சொந்த ஊர் எது, ஊரில் எந்தப் பக்கம், குலசாமி எது என்று வாரத்துக்கு ஒரு கேள்வியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டவர். தெரிந்துகொண்ட பிறகு தோளைத் தொடவில்லை. இந்தச் சம்பவத்துக்குப் பிறகு வாடிக்கையாளரோடு பேசுகிற கூட்டம் எதற்கும் தம்பியைக் கூப்பிடவில்லை. "உனக்குக் கம்யூனிகேசன் இன்னும் மெருகேறணும்" என்று வருசாந்திர மதிப்பீட்டில் எழுதினார். அந்தத் தொழிலில் வாடிக்கையாளர் முன்னால் உட்காராதவனுக்குப் பதவி உயர்வு கிடையாது. இரண்டு வருசம் பின்னறையில் உட்கார்ந்து மற்றவர்கள் தப்பைத் திருத்திக்கொண்டிருந்தான். அவன் எழுதிய நிரலை இன்னொருவர் போய் விளக்கினார்.

பறை அடிக்க ஆள் வேண்டும், பந்தியில் உட்கார வேண்டாம். நிரல் எழுத ஆள் வேண்டும், கூட்டத்தில் உட்கார வேண்டாம்.

எந்திரத்துக்குச் சாதி தெரியாது, உண்மைதான். எந்திரத்தைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறவர்களுக்குத் தெரியும். கடல் தாண்டினாலும் தெரியும். தலித் பொறியாளர் ஒருவர் சாதிப் பாகுபாட்டுக்கு ஆளானார் என்று குற்றம்சாட்டி 2020இல் கலிபோர்னியா மாநில அரசுத் துறை சிஸ்கோ நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டது. நிறுவனம் மறுத்தது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்து சட்டம் போட்டது. அமெரிக்காவில் அப்படிச் செய்த முதல் நகரம் அதுதான். அதே வருசம் கலிபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை அக்டோபரில் ஆளுநர் தன் மறுப்பதிகாரத்தால் நிறுத்திவிட்டார். இங்கே நிலைமை என்ன? 1991இல் தாராளமயம் வந்த பிறகு இந்த மாதிரி வேலைகள் பெருகிய இடம் தனியார் துறை. அங்கே இடஒதுக்கீடு சட்டம் கிடையாது. மின்னஞ்சலில் யாரும் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவதில்லை. மெருகேறணும் என்று எழுதுகிறார்கள். எந்தச் சட்டத்தைக் காட்டி எந்த ஸ்டேசனுக்குப் போவது?

மூன்றாம் நாள் ராத்திரி நான் தம்பியிடம் ஒன்று கேட்டேன். "நீ நாலு பேருக்கு வேல குடுக்கிற நெலமைக்கு வந்தா, நீயும் ஒரு ஆண்டையாயிட மாட்டியா?" அவன் கோபித்துக்கொள்ளவில்லை. காலனியில் பி.சி.ஏ. முடித்துவிட்டு கடையில் பில் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்ணை வேலைக்கு எடுக்கப்போகிறான். அவளுக்கு எழுதி வைத்திருந்த ஒப்பந்தத்தைக் காட்டினான். ஒரே பக்கம். சம்பளம், வேலை நேரம், ராத்திரி வேலைக்குத் தனிக் காசு, வாடிக்கையாளர் கூட்டத்தில் அவள் செய்த வேலையை அவளே பேசுவாள். கடைசியில், சொன்னதைவிட வேலை கூடினால் நிறுத்திவிட்டு மறுபடி பேச அவளுக்கு உரிமை உண்டு. "நான் மாறினாலும் இது மாறாது. அதுக்குத்தான் எழுதியிருக்கேன்" என்றான். நல்லவனாக இருப்பேன் என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன்.

நைனா அதுவரைக்கும் பேசாமல் பீடி குடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தது. அதற்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். மூன்றாம் கேள்விக்கான பதிலைப் படிக்கச் சொன்னது. படித்தேன். கடைசி வரி வந்ததும் கேட்டது.

"அப்ப, பாறை வந்தா நிறுத்திடுவியா?"

"நிறுத்திடுவேன் நைனா."

"யாரும் வந்து நிக்க மாட்டாங்களா?"

"மாட்டாங்க நைனா. வேலைய வேற ஆளுகிட்ட குடுத்துடுவாங்க. அவ்ளோதான்."

நைனா கொஞ்ச நேரம் பேசவில்லை. "அவ்ளோதானா" என்றது. பீடியை அணைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டது.

ஊழியத்துக்கும் தொழிலுக்கும் வித்தியாசம் என்ன என்று படிப்பு வட்டங்களில் மணிக்கணக்காகப் பேசியிருக்கிறேன். விலையை நான் சொல்ல வேண்டும், முடியாது என்று சொல்ல வேண்டும், சொன்ன பிறகு என் வாசலில் யாரும் வந்து நிற்கக் கூடாது. இந்த மூன்றும் இருந்தால் தொழில். இல்லாவிட்டால் எவ்வளவு சம்பளம் வாங்கினாலும் ஊழியம்தான். குளிர்சாதன அறை பற்றி நான் பேசியது முழுக்கத் தப்பில்லை. ஆனால் அதற்குள்ளே இருந்துகொண்டே ஒருவன் அதை உடைத்துக்கொண்டிருந்ததை நான் பார்க்கவில்லை.

அந்தத் தாளை ஆங்கிலத்தில் மாற்றி அனுப்பினான். பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. வேலை முறை பிடித்திருக்கிறது, ஆனால் அந்தக் கடைசி வரியை எடுத்துவிட்டால் உடனே தொடங்கலாம் என்று எழுதியிருந்தார்கள். கையில் வேறு வேலை இல்லை. மூன்று பேருக்கும் வீட்டு வாடகை, வண்டிக் கடன். என்னிடம் போனில் கேட்டான். எனக்கு வாய் வரவில்லை. எடுத்துவிடு என்று சொல்ல வந்தது, உண்மையைச் சொல்கிறேன்.

அவன் எடுக்கவில்லை. அந்த வேலை வேறு யாருக்கோ போனது. இரண்டு மாசம் கழித்து, மணிக் கணக்குக்குச் சின்ன வேலை ஒன்று வேறொரு இடத்தில் கிடைத்தது. இப்போது அதைத்தான் செய்கிறார்கள். பி.சி.ஏ. படித்த அந்தப் பெண்ணும் சேர்ந்துவிட்டாள். முதல் வாரம் கூட்டத்தில், இது வெள்ளிக்கிழமைக்குள் முடியாது என்று அவள் சொன்னாளாம். குரல் நடுங்கியதாம். சொல்லிவிட்டாளாம்.